இடி இறங்கும் மலையில் ஒளியிழை

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

மழையை விரும்பாத உழவன் இல்லை. மின்னலை விரும்புகின்ற உழவனும் இல்லை. இரண்டும் ஒரே மேகத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்றை வேண்டி மற்றொன்றை விலக்க மனிதன் எவ்வளவோ காலமாக முயன்று வருகின்றான். அம்முயற்சியில் மிகச் சிறியதும் அண்மையதுமான ஒன்றைப் பற்றி, நான் கண்டதையும் கற்றதையும் சேர்த்து, இம்மலரில் எழுத விழைகின்றேன்.

நான் கல்வராயன் மலையைச் சேர்ந்தவன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகப் பேருந்தில் ஏறி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து மேலே சென்றால் எங்கள் ஊர்கள் வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலையின் பெரும்பகுதி 2000 அடி முதல் 3000 அடி வரை உயர்ந்து நிற்கிறது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும். கடுக்காய் மரங்கள் காடெங்கும் நிற்கும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக மலர்ந்தபோது எங்கள் மலையும் அதனோடு வந்தது. சமவெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நீலத் திரை; உள்ளே வாழ்பவர்களுக்கோ அது வானத்துக்கு மிக அருகில் போட்ட திண்ணை. அத்திண்ணையில் மழையும் முதலில் விழும். இடியும் முதலில் இறங்கும்.

சித்திரை வைகாசிக் கோடை மழையிலும், புரட்டாசி ஐப்பசியிலும் எங்கள் மலையில் மாலை நேரத்து மேகம் கறுத்தால், என் ஆயா வாசலில் காயும் தானியத்தை அள்ளுவதற்கு முன்னால் என்னைத்தான் தேடுவாள். "மரத்தடியில நிக்காத கண்ணு, உள்ள வா" என்பாள். இடி இடிக்கும்போதெல்லாம் "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று சொல்லிக்கொண்டே கையிலிருக்கும் அரிவாளை முற்றத்தில் எறிந்துவிடுவாள். இரும்பைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அவள் கற்ற பாடம். அது யார் சொல்லிக் கொடுத்ததென்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஆனால் கல்லூரிக்கு வந்து இயற்பியல் படித்த பிறகு எண்ணிப் பார்க்கின்றேன்: மின்னலுக்கும் உலோகத்துக்கும் ஏதோ உறவு உண்டு என்ற அளவில், எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா சரியான திசையில்தான் நின்றிருக்கிறாள்.

மின்னல் எத்தகையது? அதன் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 பாகை செல்சியசுக்குச் சூடாகிறது. கதிரவனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு வெப்பம்! அப்படிச் சூடேறிய காற்று ஒரே கணத்தில் விரிந்து வெடிக்கும் ஓசையே இடி. சாதாரணமான ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். நம் விடுதி அறையில் சுழலும் மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூட வேண்டியதில்லை என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆராய்ச்சியில் நம் தமிழ்நாட்டு மலையொன்றுக்கும் பெருமை உண்டு. உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விண்கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள 'கிரேப்ஸ்-3' என்னும் கருவித்தொகுதி, விண்ணிலிருந்து வரும் மியூவான் என்ற துகள்களை இரவு பகலாக எண்ணிக்கொண்டே இருக்கிறது. 2014 டிசம்பர் 1ஆம் நாள் ஓர் இடிமேகம் அக்கூடத்தின் மேலே கடந்தபோது, வந்து விழும் மியூவான்களின் எண்ணிக்கை குறைந்தது. அக்குறைவைக் கணக்கிட்டு, அம்மேகத்துள் இருந்த மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என்று நம் விஞ்ஞானிகள் 2019இல் உலகுக்கு அறிவித்தனர். உதகையின் மேலே உலவிய ஒரு மேகத்துக்குள் 130 கோடி வோல்ட்! எங்கள் மலை மேகத்தை எவரும் அளந்ததில்லை. ஆனால் மேகங்கள் ஒரே குலத்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இது வியந்து நிற்பதற்கு மட்டும் உரிய செய்தியன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். வயலிலும், மேய்ச்சல் காட்டிலும், மரத்தடியிலும் நின்றவர்களே இவர்களுள் மிகுதி. அதாவது என் ஆயாவையும் என் தந்தையையும் போன்றவர்கள்.

இனி நான் படித்த பள்ளிக்கு வருகின்றேன். மலைமேல் உள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளி அது. பெயர் வேண்டாம், அதைப் போன்ற பள்ளிகள் பல உள்ளன. அங்கே இரண்டு கட்டடங்கள். ஒன்று பழைய ஓட்டுக் கட்டடம். அலுவலகமும் தலைமையாசிரியர் அறையும் அதில். மற்றொன்று விளையாட்டுத் திடலுக்கு அப்பால் பின்னாளில் எழுந்த மாடிக் கட்டடம். கணினி அறை அதில். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 80 மீட்டர். இணைய இணைப்பு வந்து சேருமிடம் அலுவலகம். அங்கிருந்து கணினி அறைக்கு, 'லேன் கேபிள்' என்று கடையில் கேட்டு வாங்குகின்ற செம்புக் கம்பியை, நடுவிலிருந்த பலா மரத்தில் ஒரு கட்டுக் கட்டி இழுத்திருந்தார்கள். கணக்குப் பார்த்தால் தவறில்லை. அவ்வகைக் கம்பி 100 மீட்டர் வரை செய்தியைக் கொண்டு செல்ல வல்லது. 80 மீட்டர்தானே!

ஆனால் ஒவ்வோர் இடிமழைக் காலத்திலும் அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் ஏதாவது எரியும். ஒரு முறை கணினி அறையின் 'ஸ்விட்ச்' பெட்டி. மறுமுறை அலுவலகத்து மோடம். இன்னொரு முறை வரிசையாக நான்கு கணினிகளில் கம்பி செருகும் துளைகள். வியப்பு என்னவென்றால், பள்ளியின் மேல் ஒரு முறைகூட இடி விழுந்ததில்லை. அரைக் கல் தொலைவில் எங்கோ விழும். இங்கே பெட்டி கருகும். "தூரத்துல விழுந்த இடிக்கு இது ஏன் சாவுது?" என்று வாட்ச்மேன் அண்ணன் கேட்பார். விடை சொல்வார் இல்லை.

வானம் கறுத்தால் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது தலைமையாசிரியரின் ஆணை. வாட்ச்மேன் அண்ணன் மேகத்தைப் பார்ப்பார். ஓடிப்போய் அலுவலகத்தில் ஒன்றைப் பிடுங்குவார். திடலைக் கடந்து ஓடிக் கணினி அறையில் மற்றொன்றைப் பிடுங்குவார். பெட்டியைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதர் இடி இடிக்கும் வெட்டவெளியில் ஓடினார் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. இரவில் வரும் மழைக்கு அவரும் என்ன செய்வார்?

பெட்டி எரிந்தால் போகட்டும், வேறு வாங்கலாம் என்று சமவெளியில் இருப்பவர்கள் எண்ணக்கூடும். இங்கேதான் ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவது மே மாதத்தில். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிப்பதும் அதையொட்டிய நாட்களில். கோடை இடிமழை உச்சத்தில் இருப்பதும் அதே மே மாதத்தில்! கல்லூரியின் கதவு திறக்கும் மாதமும், கம்பி எரியும் மாதமும் எங்கள் மலையில் ஒன்றே.

நான் விண்ணப்பித்த ஆண்டில் என் வகுப்புத் தோழன் ஒருவனும் விண்ணப்பிக்க இருந்தான். மதிப்பெண்ணில் என்னைவிட அவனே மேல். காட்டு வேலையை விட்டுவிட்டுக் கடைசி நாளுக்கு முதல் நாள் பள்ளிக்கு வந்தான். அதற்கு முந்திய இரவு இடியில் இணைப்பு எரிந்து போயிருந்தது. கைப்பேசியில் பார்க்கலாமென்றால் எங்கள் சிற்றூர்ப் பக்கம் கோபுர அலை ஒரு பாறை மீது ஏறி நின்றால்தான் கிட்டும். மறுநாள் பேருந்து பிடித்து மலையிறங்கினான். ஒரு சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது கீழே போன பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து எடுத்துப் போக அன்று வேறு பேருந்து இல்லை. அந்த ஆடியிலேயே அவன் ஊராரோடு சேர்ந்து கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். அவன் வாழ்க்கையை மின்னல்தான் மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். வறுமை, தொலைவு, பேருந்து எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கம்பி அன்று உயிரோடு இருந்திருந்தால், அவன் இன்று நம் வகுப்பில் எனக்கு அருகில் அமர்ந்திருப்பான்.

இரண்டாம் ஆண்டில் மின்னியல் பாடம் நடந்தபோது, வாட்ச்மேன் அண்ணன் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. அதை எளிமையாகச் சொல்கின்றேன்.

மின்னல் நிலத்தில் இறங்கியதும் மறைந்து போய்விடுவதில்லை. குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுவது போல, இறங்கிய இடத்திலிருந்து மண்ணுக்குள் நாற்புறமும் பரவுகிறது. மண்ணும் மின்னோட்டத்தை எதிர்க்கும் பொருள்தான். 30,000 ஆம்பியர் ஓட்டம் 10 ஓம் தடையுள்ள மண்ணில் இறங்குமானால், ஓமின் விதிப்படி அவ்விடத்தின் மின்னழுத்தம் 3,00,000 வோல்ட் உயரும். தொலைவு செல்லச் செல்ல அது குறையும். ஆகவே இடி விழுந்த அக்கணத்தில், 80 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு கட்டடங்களின் தரையும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. இடி இறங்கிய பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம்.

நீர்மட்டம் வேறுபட்ட இரண்டு கிணறுகளைக் குழாயால் இணைத்தால் என்ன ஆகும்? மேட்டு நீர் பள்ளத்துக்குப் பாய்ந்தே தீரும். நாம் இழுத்த செம்புக் கம்பி அந்தக் குழாய்தான். செய்தி போவதற்காக இழுத்த கம்பி வழியே மின்னலின் ஒரு பங்கு போகிறது. கணினியில் கம்பி செருகும் இடத்தில் ஒரு சிறு மின்மாற்றி காவல் நிற்கிறது. அது 1,500 வோல்ட்டைத் தாங்குமாறு செய்யப்பட்டது. பல்லாயிரம் வோல்ட் வந்து மோதினால் அது என்ன செய்யும்? மேலும், மின்னல் மண்ணைத் தொடாமல் மேகத்துக்குள்ளேயே பாய்ந்தாலும், அதன் காந்தப்புலம் வெளியில் தொங்கும் நீண்ட கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும். நாம் ஆய்வகத்தில் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து முள் அசைவதைக் கண்டோமே, அதே ஃபாரடே விதிதான். இடி நேரில் விழ வேண்டியதே இல்லை.

மேய்ச்சல் காட்டில் இடி விழுந்தால் மேய்ப்பவன் பிழைத்து மாடு மட்டும் இறந்து கிடப்பதுண்டு. அதற்கும் இதுவே ஒரு காரணம். மாட்டின் முன்கால்களும் பின்கால்களும் அகன்று நிற்பதால், இரண்டு இடத்து மின்னழுத்த வேறுபாடு அதன் உடல் வழியாகவே பாய்கிறது. எங்கள் பள்ளியின் இரு கட்டடங்களும் ஒரு மாட்டின் முன்காலும் பின்காலும் போல நின்றன. இடையிலிருந்த கம்பியே உடல்.

அப்படியானால் வழி என்ன? கம்பி வேண்டும், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. கேட்பதற்கு விடுகதை போல இருக்கிறதல்லவா? அவ்விடுகதையின் விடைதான் ஒளியிழை. கடைத்தெருவில் 'ஃபைபர்' என்று சொல்கிறார்களே, அதுவே.

கண்ணாடி இழை, அதன் வழியே மின்சாரம் செல்லாது, ஒளி செல்லும். நடுவிலுள்ள கண்ணாடியின் ஒளிவிலகல் எண், சுற்றியுள்ள கண்ணாடியின் எண்ணைவிடச் சற்றே கூடுதல். ஆகவே உள்ளே சாய்வாக நுழைந்த ஒளி வெளியேற முடியாமல், முழு அக எதிரொளிப்பினால் உள்ளுக்குள்ளேயே முன்னேறிச் செல்கிறது. முதலாம் ஆண்டில் முப்பட்டகத்தை வைத்து நாம் கற்ற பாடமே இது. கண்ணாடி மட்டும் 125 மைக்ரான் தடிமன். தொலைதூர வகையில் ஒளி செல்லும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட அது இருக்குமா என்பது ஐயமே.

இதன் வரலாற்றில் ஓர் இந்தியர் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. பஞ்சாபின் மோகாவில் 1926இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்னும் அறிஞரோடு சேர்ந்து, வளைந்த கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவங்களைச் செலுத்திக் காட்டி 1954இல் கட்டுரை வெளியிட்டார். இத்துறைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. 2020இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டில் நம் நாடு அவருக்குப் பத்ம விபூசண் விருதளித்தது. கண்ணாடியைப் போதிய அளவு தூய்மையாக்கினால் அதன் வழியே நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966இல் கணக்கிட்டுச் சொன்னவர் சார்லஸ் காவோ. கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்பு, அதாவது நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சினால் போதும் என்றார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அதைச் செய்து காட்டினர். 2009இல் காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவே. 50 கிலோமீட்டர் சென்ற பிறகும் பத்தில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். அத்தகைய கண்ணாடிக்கு எங்கள் பள்ளியின் 80 மீட்டர் ஒரு பொருட்டா?

தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். "நீ படிச்சுட்டு வந்து எங்களுக்கு வேலை வைக்கிறியா?" என்றார். ஆனால் மறுவாரமே பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூட்டினார். முந்திய மூன்று ஆண்டுகளில் எரிந்த பொருள்களின் விலையைக் கூட்டிக் காட்டியதும் பேச்சு முடிந்தது. ஒளியிழைக்கும் அதன் இரு முனைப் பெட்டிகளுக்கும் அதைவிடக் குறைந்த தொகையே தேவைப்பட்டது.

கோடை விடுமுறையில் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தொழிலாளர் வந்தார். தொலைபேசிக் கம்பி வேலையில் தொடங்கி ஒளியிழை வேலைக்கு வந்தவர். நானும் என் ஊர்ப் பையன்கள் மூவரும் அவருக்குக் கையாளாக நின்றோம். திடலின் ஓரமாக முழங்காலளவு பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் குழாய் பதித்து, அதற்குள் கேபிளை இழுத்தோம். கேபிளைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஆவல். உள்ளே மஞ்சள் நிற நூலும், இழைக்கண்ணாடியால் செய்த ஒரு குச்சியும் இருந்தன.

"அண்ணே, இதுல இரும்பே காணோமே?" என்றேன்.

"அதுக்குத்தான் தம்பி கேட்டு வாங்கினேன். எலி கடிக்காம இருக்க இரும்புத் தகடு சுத்தின கேபிளும் இருக்கு. இடி வுழற எடத்துல அதப் போட்டா, கண்ணாடிக்குள்ள வெளிச்சம் போவும், தகட்டுல இடி போவும். அப்புறம் என்னாத்துக்கு ஃபைபரு?"

நூலிலே நான் படிக்காத பாடம் இது! கண்ணாடியின் நன்மையை அதன் சட்டையே கெடுத்துவிடக் கூடும். தகட்டுக் கேபிள் போட்டேயாக வேண்டிய இடத்தில், கட்டடத்துக்குள் நுழையுமிடத்திலேயே தகட்டை வெட்டி முறையாக நிலத்தோடு இணைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். பிறகு இழையின் முனையைத் துடைத்து, நேராக வெட்டி, ஒரு சிறு இயந்திரத்தில் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டினார். கண்ணாடியை ஒட்டுவதற்கு ஒரு குட்டி மின்னல்! அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். வெட்டி விழுந்த கண்ணாடித் துணுக்கு ஒவ்வொன்றையும் அவர் ஒட்டுநாடாவில் எடுத்துப் பத்திரப்படுத்தினார். "இது கையில ஏறினா தேடி எடுக்க முடியாது தம்பி" என்றார்.

அந்த ஐப்பசியில் திடலோரத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தின் மேலேயே இடி இறங்கிற்று. பள்ளி எல்லைக்குள் இடி விழுந்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் முறை. மரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்தது. அங்கே படித்துவந்த என் தங்கை மறுநாள் தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணா, கம்ப்யூட்டர் எல்லாம் நல்லா இருக்கு. ஒரே ஒரு சின்னப் பெட்டிதான் போச்சு." போனது, ஒளியை மின்குறிப்பாக மாற்றும் பெட்டிக்கு மின்சாரம் தரும் 'அடாப்டர்'. கணினி அறையின் இரண்டு குழல்விளக்குகளும் போயின. வேறோர் அடாப்டரைச் செருகியதும் இணைப்பு உயிர் பெற்றுவிட்டது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் இருண்டு கிடந்த அறை, அன்று முற்பகலிலேயே விழித்துக்கொண்டது.

அந்த அடாப்டர் ஏன் எரிந்தது என்பதையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையானதாகாது. ஒளியிழை ஒரு வாசலை அடைத்தது; மற்றொரு வாசல் திறந்தே இருந்தது. அது மின்வாரியக் கம்பி வரும் வாசல். ஒளியிழையின் இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் செம்பிலும் அலுமினியத்திலும்தான் வரும். ஆகவே மின்பலகையில் மிகையழுத்தத் தடுப்பான் பொருத்த வேண்டும். ஒரு கட்டடத்திலுள்ள 'எர்த்' கம்பிகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். கூரையில் இடிதாங்கி வேண்டும். இடிதாங்கியைப் பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு; கோபுரக் கலசமே இடிதாங்கி என்பார்கள். ஆனால் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் கண்ட இடிதாங்கிக்கு உச்சியிலுள்ள கம்பி மட்டும் போதாது. அதிலிருந்து மண்வரை இடையறாது இறங்கும் உலோகப் பாதையும் வேண்டும். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாதவன் ஜாமீன் நிற்பது போலத்தான், நிலத்தைத் தொடாத இடிதாங்கியும். எங்கள் பள்ளியில் இவை ஒவ்வொன்றாக நடந்து வருகின்றன.

ஒளியிழை மனிதரைக் காப்பாற்றும் கருவியும் அன்று. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக எண்ண நேர்ந்தால், மேகம் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள்; அப்போது திடலை விட்டுக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கம்பி இணைத்த கருவிகளைத் தொடாதிருக்க வேண்டும். பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலியை அளித்திருக்கிறது. அருகில் மின்னல் இருந்தால் அது எச்சரிக்கும். ஆனால் அந்த எச்சரிக்கை மலைக்கு வந்து சேரவும் ஒரு கம்பியோ கோபுரமோ உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?

நெடுஞ்சாலையோரத்து உயரழுத்த மின்கோபுரங்களை இனிப் பார்க்கும்போது உச்சிக் கம்பியைக் கவனியுங்கள். மின்சாரம் கொண்டு செல்லும் கம்பிகளுக்கும் மேலே, இடியைத் தாங்கி நிலத்துக்கு அனுப்புவதற்கென்றே ஒரு கம்பி ஓடும். இன்று பல தடங்களில் அக்கம்பியின் வயிற்றுக்குள் ஒளியிழைகள் இருக்கின்றன. வெளியே உலோகப் புரிகள் இடியை வாங்கிக்கொள்ளும்; உள்ளே ஒளி தன் வழியே சென்றுகொண்டிருக்கும். இடி விழுவதற்கென்றே நிறுத்திய இடத்தில் செய்தியைக் குடிவைத்தது பொறியாளர்களின் துணிவுக்குச் சான்று.

சிற்றூர் ஊராட்சிகளை எல்லாம் ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு நடுவண் அரசு 2011இல் ஒப்புதல் தந்தது. இன்று அது 'பாரத்நெட்' எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைப்பது அதன் குறிக்கோள். சமவெளியில் ஓர் இழை அறுந்தால் அன்றைக்கே ஆள் வரும். மலையில் மரம் விழுந்தாலும், சாலை சரிந்தாலும், அறுந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதே ஒரு பயணம். கண்ணாடிக்கு இடி பகையில்லை; ஆனால் கோடரியும், மண்வெட்டியும், எலிப்பல்லும் பகைதான். ஆகவே ஒளியிழை போட்டதும் கடமை முடிந்தது என்று இருக்கலாகாது. அதை ஒட்டத் தெரிந்த கை ஒன்று மலையிலேயே இருக்க வேண்டும். அன்று கையாளாக நின்ற என் ஊர்ப் பையன்களில் ஒருவன் இப்போது அந்தத் தொழிலாளரிடமே வேலை கற்று வருகிறான் என்பதை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கின்றேன்.

நண்பர்களே, இயற்பியல் படித்து என்ன ஆகப் போகிறாய் என்று என்னைப் பலர் கேட்டதுண்டு. ஓமின் விதியும், ஃபாரடேயின் தூண்டலும், முழு அக எதிரொளிப்பும் தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்கள்தாம். ஆனால் அம்மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பலா மரத்தடியில் நிறுத்திப் பார்த்தால், ஒரு மலைப்பள்ளியின் கதவு மே மாதத்தில் திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்பதை அவையே சொல்கின்றன. செம்பு எதையும் மறுக்காது. செய்தியையும் கடத்தும், இடியையும் கடத்தும். கண்ணாடியோ வேண்டியதை மட்டும் விட்டு, வேண்டாததை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும், ஊராட்சி அலுவலகத்திலும், ஏன், நம் கல்லூரியிலும்கூட, ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்கு வெளியே தொங்கிச் செல்லும் கம்பி எது என்று ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். செம்பாக இருந்தால் பொறுப்பில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். அதை மாற்ற ஒரு கோடை விடுமுறை போதும். சென்ற மே மாதம் எங்கள் பள்ளிக் கணினி அறையிலிருந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்களுள் என் தங்கையும் ஒருத்தி. அன்று மாலையும் மலையில் இடி இடித்ததாம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.